கடல் தின்னும் கரையில் ஐந்து நாள்

பிப்ரவரியில் இங்கிலாந்தின் தென்கரையில் பொழுது விடியவே காலை ஏழு மணிக்கு மேலாகிவிடுகிறது. சார்மத் என்ற சிற்றூரின் கடற்கரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, இரவு முழுக்க அடித்த புயல் ஓய்ந்து, கடல் உள்வாங்கத் தொடங்கியிருந்தது. குளிக்க வந்தவர்கள், காற்று வாங்க வந்தவர்கள் யாரையும் காணோம். ஆனால் கரை காலியாக இல்லை. அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குகிறவர்களைப் போல முப்பது நாற்பது பேர் குனிந்த தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் தாத்தா பாட்டிகள். கடலை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் காலடியில்.

அரை மணி நேரத்தில் எனக்கும் ஒன்று கிடைத்தது. சட்டைப் பொத்தான் அளவில், பித்தளை நிறத்தில், சுருள் சுருளாக ஒரு கல். பார்த்ததும் வாயில் வந்த சொல் சாளக்கிராமம். அதில் தவறும் இல்லை. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் எடுத்து, திருமாலின் சக்கரம் என்று நம் வீடுகளில் பால் வார்த்துக் கும்பிடுகிற சாளக்கிராமமும் சார்மத்தில் என் உள்ளங்கையில் இருந்ததும் அம்மோனைட் என்ற ஒரே வகை உயிரின் எச்சங்கள். ஓட்டுக்குள் சுருண்டு வாழ்ந்த, கணவாய்க்குத் தூரத்து உறவான கடல் பிராணி. நான் எடுத்தது ஏறக்குறைய 19 கோடி ஆண்டு பழையது. முந்தின நாள் வரை அது மலைக்குள் இருந்திருக்கும். ராத்திரி அலை மலையின் காலை அரித்தது, மண் சரிந்தது, கல் கரைக்கு வந்தது. நான் குனிந்து எடுத்தேன், அவ்வளவுதான்.

டெவன் மாவட்டத்தில் எக்ஸ்மத் ஊரை ஒட்டிய ஆர்கோம்ப் முனையில் தொடங்கி, டார்செட் மாவட்டத்து ஸ்டட்லண்ட் அருகே ஓல்ட் ஹாரி பாறைகளில் முடியும் இந்தக் கரையின் நீளம் 154 கிலோமீட்டர். ஜுராசிக் கடற்கரை என்று பெயர். யுனெஸ்கோ இதை 2001-ல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. இங்கிலாந்தில் இயற்கைக்காக அந்தப் பட்டியலில் ஏறிய ஒரே இடம் இதுதான். ட்ரயாசிக், ஜுராசிக், கிரிடேசியஸ் என்ற மூன்று காலங்களும் இங்கே பாறையாகக் கிடக்கின்றன, மொத்தம் 18.5 கோடி ஆண்டு. அடுக்குகள் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. வெற்றிலைக் கவுளியைச் சாய்த்துவைத்தால் ஒவ்வோர் இலையின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியுமே, அப்படி. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே நடக்கிறவர் பொதுவாகப் பழைய காலத்திலிருந்து புதிய காலத்துக்கு நடக்கிறார். சிட்மத் ஊரின் செக்கச் சிவந்த குன்றுகள் ஒரு காலத்துப் பாலைவனம். லைம் ரீஜிஸின் கறுத்த களிமண் ஒரு வெப்பக் கடலின் அடிச்சேறு. கடைசியில் ஓல்ட் ஹாரியில் சாக்பீஸ் போல வெளுத்து நிற்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடு படிந்து இறுகிய சுண்ணக்கல்.

ஐந்து நாள் இந்தக் கரையில் அலைந்தேன். முழுதும் நடந்தேன் என்று சொல்ல முடியாது. பாதி தூரம் பஸ்ஸில்தான். பார்த்தவற்றில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது அழகு அல்ல. இந்தக் கரை இடிந்துகொண்டே இருக்கிறது. இடிவதால்தான் இது செல்வம். அலை அரிப்பதை நிறுத்திவிட்டால் சில ஆண்டுகளில் புல்லும் புதரும் குன்றை மூடிவிடும். உள்ளே இருக்கும் எதுவும் வெளியே வராது. இதைத் தன் உடம்பால் அறிந்தவள் லைம் ரீஜிஸ் ஊரின் ஓர் ஏழைப் பெண்.

தச்சர் மகள்

மேரி ஆன்னிங் 1799 மே 21 அன்று பிறந்தாள். அப்பா ரிச்சர்ட் மரச்சாமான் செய்யும் தச்சர். உளிக்கு வேலை இல்லாத நாட்களில் கரையில் விநோதக் கற்களைப் பொறுக்கிவந்து, கோடையில் கடல் குளிக்க வரும் பணக்காரர்களுக்கு வாசலில் மேசை போட்டு விற்பார். பெற்ற பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் ஜோசஃபும் மேரியும் மட்டுமே. மேரி பதினைந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்ற பக்கத்துவீட்டுப் பெண் மீது மின்னல் விழுந்தது. அந்தப் பெண்ணும் உடன் நின்ற இரண்டு பெண்களும் இறந்தார்கள். குழந்தை பிழைத்தது.

1810-ல் அப்பா கடனை விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். மறு ஆண்டு ஜோசஃப் குன்றடியில் முதலையின் தலை போன்ற ஒன்றைக் கண்டான். அதன் உடலைத் தேடிக் கண்டுபிடித்தவள் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மேரி. 5.2 மீட்டர் நீளம். ஊர்ப் பண்ணையார் அதை 23 பவுண்டுக்கு வாங்கினார். இக்தியோசர் என்று இன்று நாம் சொல்லும் அந்தக் கடல் ஊர்வனத்தின் தலை இப்போதும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது டைனோசர் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. அது வர இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. ஓர் உயிரினம் பூண்டோடு அற்றுப்போக முடியும் என்பதையே பலர் ஏற்காத காலம்.

1823-ல் நீண்ட கழுத்துள்ள பிளீசியோசரின் முழு எலும்புக்கூட்டை எடுத்தாள். பாரீஸில் இருந்த குவியே அன்றைய உலகின் பெரிய உடற்கூற்று அறிஞர். இவ்வளவு நீளக் கழுத்து இருக்க முடியாது, இது ஒட்டுப்போட்ட போலியாக இருக்கும் என்று அவர் சந்தேகப்பட்டார். பிறகு தன் சந்தேகம் தவறு என்று ஒப்புக்கொண்டார். 1828-ல் சிறகுள்ள ஊர்வனம் ஒன்று. ஜெர்மனிக்கு வெளியே அந்த வகை ஊர்வனம் கிடைத்தது அதுவே முதல் முறை. இக்தியோசர்களின் வயிற்றுப் பகுதியில் கிடக்கும் விசித்திரக் கற்களை அவள் உடைத்துப் பார்த்தபோது உள்ளே மீன் முள்ளும் செதிலும் இருந்தன. அவை கல்லாகிப்போன சாணம் என்ற முடிவுக்குப் பேராசிரியர் பக்லேண்ட் வந்ததற்கு அந்தக் கவனிப்பு முக்கியக் காரணம்.

அவளுக்குக் கிடைத்த படிப்பு ஞாயிறு பள்ளிப் படிப்பு. அறிவியல் கட்டுரைகளைக் கடன் வாங்கி, படங்கள் உட்பட வரிக்கு வரி கையால் எழுதிவைத்துப் படித்தாள். எலும்பு எப்படிப் பொருந்துகிறது என்று தெரிந்துகொள்ள மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்தாள். 1824 பிப்ரவரியில் லண்டன் புவியியல் கழகத்தில் பிளீசியோசர் பற்றி வில்லியம் கோனிபேர் உரை வாசித்தார். எடுத்தவளின் பெயர் அதில் சொல்லப்படவில்லை. அவள் அந்த அறைக்குள் போகவும் வழியில்லை. அந்தக் கழகம் பெண்களை முதன்முதலில் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1919-ல். பெண், ஏழை, அரசுத் திருச்சபையைச் சேராத குடும்பம் என்று மூன்று கதவுகளும் அவளுக்கு அடைபட்டிருந்தன. ஆண்கள் கட்டுரை எழுதிப் பேர் வாங்கினார்கள். இதை அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் அவளோடு இதே கரையில் நடந்தவர்கள். அவளுடைய அறிவை நேரில் பார்த்தவர்கள்.

கரையும் அவளிடம் கருணை காட்டவில்லை. 1833 அக்டோபரில் திடீரென்று குன்று சரிந்து, அவள் காலடியில் இருந்த டிரே என்ற நாயை மூடியது. சில அடி தள்ளி விழுந்திருந்தால் அவள் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். மறுநாளும் தேடப் போனாளா என்பதற்குப் பதிவில்லை. ஆனால் அந்த வேலையை அவள் விடவில்லை. 1847 மார்ச்சில் மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது வயது 47. மூன்று ஆண்டு கழித்து, புவியியல் கழகத்தார் அவள் நினைவாக ஊர்த் தேவாலயத்துக்கு ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் கொடுத்தார்கள். கல்லறை அந்தத் தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதன் மேல் சின்னச் சின்ன அம்மோனைட்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலை வர 2022 வரை ஆனது. அதற்காக இயக்கம் தொடங்கியது 11 வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி. வெண்கல மேரி கையில் சுத்தியலும் கூடையுமாகக் குன்றை நோக்கி எட்டு வைக்கிறாள். டிரேயும் கூடவே ஓடுகிறது.

லைம் ரீஜிஸில் பார்க்க இன்னும் உண்டு. கடலுக்குள் வளைந்து போகும் காப் என்ற துறைமுகச் சுவர், ஜேன் ஆஸ்டின் நாவலிலும் ஜான் ஃபவுல்ஸ் நாவலிலும் வருவது. அதற்கு மேற்கே மான்மத் கடற்கரை. 1685-ல் அரியணை கேட்டு மான்மத் கோமகன் இறங்கியது அங்கேதான். கலகம் தோற்றபின் அவருடைய ஆட்கள் பன்னிரண்டு பேரை அதே மணலில் தூக்கிலிட்டார்கள். சற்று நடந்தால், வண்டிச் சக்கரம் போன்ற அம்மோனைட்கள் நூற்றுக்கணக்கில் பதிந்த பாறைத்தளம் கடல் வற்றும்போது வெளியே வரும். அதைப் பெயர்க்கக் கூடாது. பார்த்துவிட்டு வரலாம்.

சரியும் நிலமும் தடுப்புச் சுவரும்

1839 கிறிஸ்துமஸ் சமயத்தில், லைம் ரீஜிஸுக்கு மேற்கே பிண்டன் என்ற இடத்தில் ஏக்கர் கணக்கான விளைநிலம் பயிரோடு அப்படியே பிரிந்து கடல் பக்கம் நகர்ந்தது. நடுவே பெரும் பள்ளம் விழுந்தது. அந்தப் பகுதியில் இருந்த பக்லேண்டும் கோனிபேரும் உடனே போய் அளந்து எழுதினார்கள். ஒரு நிலச்சரிவை அறிவியல் முறையில் விரிவாக ஆராய்ந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. பிரிந்து நின்ற துண்டில் கோதுமை பிழைத்து வளர்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அதைத் திருவிழாவாக அறுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்க்க வந்தார்கள். அந்தச் சரிவின் பேரில் நடன இசைகூட வெளியானது.

சரிவு பழைய கதை அல்ல. 2021 ஏப்ரலில் சீடவுன் கடற்கரையில் ஏறக்குறைய 4,000 டன் பாறை ஒரே மூச்சில் விழுந்தது. அறுபது ஆண்டுகளில் இவ்வளவு பெரிய பாறைச்சரிவு இல்லை என்றார்கள். 2012 ஜூலையில் பர்ட்டன் பிராட்ஸ்டாக் கரையில், தங்க நிறத்தில் செங்குத்தாக நிற்கும் அழகிய குன்று இடிந்து 22 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். அந்த மணற்பாறையின் அடியில் போய் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களை இப்போதும் பார்த்தேன். எச்சரிக்கைப் பலகை அவர்களுக்கு எதிரிலேயே இருந்தது.

லைம் ரீஜிஸுக்கு இது பிழைப்பும் ஆபத்தும் ஒன்றாகக் கலந்த விஷயம். ஊரே வழுக்கும் களிமண் மேல் உட்கார்ந்திருக்கிறது. அலையைத் தடுக்காவிட்டால் வீடுகள் போகும். அதனால் பல கட்டங்களாகக் கடல் சுவர் கட்டி, சரிவுக்குள் ஆணி அடித்து நிலத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கடைசிக் கட்டம் 2014-ல் சுமார் 2 கோடி பவுண்ட் செலவில் முடிந்தது. ஊர் எல்லையோடு சுவர் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் சார்மத் வரை உள்ள பிளாக் வென் குன்றைக் கடலுக்கே விட்டுவிட்டார்கள். மக்கள் வாழும் இடத்தைக் காப்போம், மற்ற இடத்தில் கடல் தன் வேலையைச் செய்யட்டும் என்ற இந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. கரை முழுவதும் கல் கொட்டியிருந்தால் ஜுராசிக் கடற்கரை என்ற ஒன்று மிஞ்சியிருக்காது.

பொறுக்குவதிலும் அதே தெளிவு. கரையில் உதிர்ந்து கிடப்பதை யாரும் எடுக்கலாம்; எடுக்காவிட்டால் நாலைந்து அலையில் அது தூளாகிவிடும். குன்றைத் தோண்டக் கூடாது. அரிதானது கிடைத்தால் சார்மத்தில் உள்ள பாரம்பரிய மையத்தில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அந்த மையத்தில் நான் கொடுத்த பொத்தான் கல்லை ஒரு பெண்மணி வாங்கிப் பார்த்து, எந்த அடுக்கிலிருந்து வந்திருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அரியலூர் நினைவுக்கு வந்தது. கிரிடேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த மண் அது. அங்கும் அம்மோனைட் கிடைக்கிறது. கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளில் சேகரித்த எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-ல் எழுதியது, மேரியை உள்ளே விடாத அதே லண்டன் கழகத்தின் ஏட்டில்தான். அன்று மேரி உயிரோடு இருந்தாள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் இன்று சிமென்ட்டுக்காக வெட்டப்படுகிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை கல் ஒன்றைக் கண்டெடுத்தால், அதை வாங்கிப் பார்த்துப் பதில் சொல்ல சார்மத்தைப் போல ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கூழாங்கல்லின் கணக்கு

வெஸ்ட் பேயிலிருந்து போர்ட்லாந்து தீவு வரை 29 கிலோமீட்டருக்கு ஒரே கூழாங்கல் மேடு. அதுதான் செசில் கடற்கரை. மேற்கு முனையில் கல் பட்டாணி அளவு. கிழக்கே போகப் போகப் பெரிதாகி, போர்ட்லாந்தில் மாங்காய் அளவு. அலை காலங்காலமாகச் சலித்துச் சலித்து வரிசைப்படுத்திய ஏற்பாடு. இருட்டில் படகை ஒதுக்குகிற மீனவர், ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பார்த்தே எந்த இடத்தில் கரை ஏறியிருக்கிறோம் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். கள்ளக்கடத்தல்காரர்களுக்கும் அந்த வித்தை உதவியதாம். நானும் மூன்று இடங்களில் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

இங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுத்துப்போகக் கூடாது. இந்தக் கரையை வைத்து நாவல் எழுதிய இயன் மெக்கூவன், சில கற்களைத் தன் மேசை மேல் வைத்திருந்ததாக வானொலியில் சொன்னார். அபராதம் வரும் என்று உள்ளூர் நிர்வாகம் எச்சரித்ததும் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். மேட்டுக்குப் பின்னால் ஃப்ளீட் என்ற உப்பங்கழி. 1824 நவம்பர் புயலில் கடல் மேட்டைத் தாண்டி வந்து போர்ட்லாந்தின் சிஸ்வெல் ஊரில் வீடுகளை அடித்துப்போனது. ஃப்ளீட் கிராமத்துத் தேவாலயத்தின் பெரும்பகுதியும் போயிற்று. கரை செங்குத்தாக இறங்குவதால் பின்னிழுப்பு பயங்கரம். கோடையிலும் இங்கே கடலில் இறங்காதீர்கள்.

குளிக்க வேமத் இருக்கிறது. அரை வட்டமாக மணல், ஆழமில்லாத நீர். 1789-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோய் தேறி இங்கே வந்து கடலில் முழுகியபோது, பக்கத்துக் குளியல் வண்டியில் ஒளிந்திருந்த வாத்தியக்காரர்கள் அரச வாழ்த்தை வாசித்தார்களாம். மன்னர் வந்ததால் ஊர் பெயர் பெற்றது. அதே துறையில்தான் 1348-ல் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் இறங்கியது. 1944-ல் நார்மண்டியின் ஒமாஹா கரைக்கு அமெரிக்க வீரர்கள் கப்பலேறியதும் இங்கிருந்தும் போர்ட்லாந்திலிருந்தும்தான். போர்ட்லாந்தின் வெள்ளைக் கல் லண்டன் செயின்ட் பால் தேவாலயமாக எழுந்தது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப் போரில் மாண்டவர்களின் தலைமாட்டில் வரிசை வரிசையாக நிற்கும் கற்களில் மிகப் பல இந்தத் தீவில் வெட்டியவை.

பிறகு லல்வர்த். படங்களில் எல்லாரும் பார்த்திருக்கும் டர்டில் டோர் வளைவு இதன் பக்கத்தில். இங்கே கடினமான சுண்ணாம்புப் பாறை ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்ந்து கடலுக்குச் சுவர் போல நிற்கிறது. அதற்குப் பின்னால் மெத்தென்ற களிமண். சுவரில் ஓட்டை விழுந்ததும் கடல் உள்ளே புகுந்து களிமண்ணைக் கரண்டியால் வழித்தது போல வழித்துவிட்டது. அப்படி உண்டான லாட வடிவக் குடாதான் லல்வர்த் கோவ். டர்டில் டோர், சுவரில் மிச்சமிருக்கும் துண்டு. அந்த வளைவும் ஒருநாள் விழும். இருநூறு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது அது நிற்பதே ஆச்சரியமாக இருக்கிறது. 2020 மே மாத இறுதியில் அதன் உச்சியிலிருந்து கடலில் குதித்தவர்கள் பலத்த காயத்தோடு ஹெலிகாப்டரில் தூக்கிச்செல்லப்பட்டார்கள். பிப்ரவரியில் கூட்டம் இல்லை. வளைவு, அலை, காற்று மட்டும் இருந்தன.

அங்கிருந்து கிழக்கே டைனம். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக இந்தக் கிராமத்தில் இருந்த 225 பேர் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்தால் திரும்பலாம் என்று நம்பிப் போனார்கள். வீடுகளையும் கோயிலையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேவாலயக் கதவில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். திரும்ப விடவே இல்லை. இன்றும் அது ராணுவத்தின் சுடுதளம். பெரும்பாலான வார இறுதிகளில் திறந்துவிடுகிறார்கள். கூரையில்லாத வீடுகளையும் பெஞ்சு கலையாத பள்ளிக்கூடத்தையும் கடந்து வர்பாரோ குடாவுக்கு இறங்கும்போது பேச்சு வரவில்லை. ஐந்து நாளில் நான் பார்த்த மிக அமைதியான கரை அது. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் அதைப் பார்க்க இல்லை.

கடைசி நாள் கிம்மெரிட்ஜ். ஸ்டீவ் எட்சஸ் என்ற குழாய் பழுதுபார்ப்பவர் நாற்பது ஆண்டுக்கு மேல் இந்தக் கரையில் தேடித் தேடிச் சேர்த்து, தானே சுத்தம் செய்த எச்சங்களுக்கு 2016-ல் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. பிரிட்டிஷ் அரசின் விருதும் அவருக்குக் கிடைத்தது. 2022-ல் ஒருவர் கரையில் நடக்கும்போது பெரிய மூக்கு நுனி ஒன்று காலடியில் கிடந்தது. மீதித் தலை குன்றில் பல மீட்டர் உயரத்தில் பதிந்திருந்தது. எட்சஸும் மற்றவர்களும் கயிற்றில் தொங்கி அதை வெட்டி எடுத்தார்கள். இரண்டு மீட்டர் நீளம், 130 பல், பிளையோசர் என்ற கடல் வேட்டை விலங்கு. கண்ணாடிக்குப் பின்னால் அது வாய் திறந்து இருக்கிறது. பட்டம் இல்லாத ஒருவருடைய பெயர் வாசலிலேயே பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்தபோது, லைம் ரீஜிஸில் மனதில் ஏறிய கனம் கொஞ்சம் இறங்கியது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயில் உண்டு. லைம் ரீஜிஸுக்கு ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வேமத்துக்கு நேராகவே போகலாம். குளிக்க ஜூலை, ஆகஸ்ட். கல் தேட நவம்பர் முதல் மார்ச் வரை, புயலுக்கு மறுநாள். முதல் தடவை போகிறவர்கள் அருங்காட்சியகங்கள் நடத்தும் வழிகாட்டி நடைகளில் சேர்ந்துகொள்வது நல்லது. குன்றின் அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். ஈரக் களிமண்ணில் கால் வைக்காதீர்கள், முழங்கால் வரை இழுக்கும். கடல் ஏற்ற இறக்க அட்டவணையை முதல் நாளே பார்த்துவையுங்கள். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது புறப்படுங்கள். லைமுக்கும் சார்மத்துக்கும் நடுவே கடல் ஏறிவிட்டால் குன்றுக்கும் அலைக்கும் இடையில் நிற்க இடம் இருக்காது. கையில் எவ்வளவு நல்ல கல் கிடைத்திருந்தாலும், நீர் திரும்புவதற்கு முன்பே நீங்கள் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுங்கள்.